நூற்றிருபது கிராம் கை

தராசக்கா என்றுதான் கடையில் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

நெடுஞ்சாலை ஓரம், பெட்ரோல் பங்க்கை ஒட்டி நிற்கிற பீட்சா கடை அது. நாளுக்கு நான்கு முறை தொலைதூரப் பேருந்துகள் வந்து நிற்கும். நின்றால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்குள் நாற்பது, ஐம்பது பீட்சா வெளியே போயாக வேண்டும். நடுத்தர அளவு பீட்சா ஒன்றுக்கு நூற்றிருபது கிராம் சீஸ் என்பது கம்பெனி வைத்த சட்டம். கிண்ணத்தில் அள்ளி, எடை மெஷினில் வைத்து, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து நின்றுகொண்டிருந்தால் பேருந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், பேருந்து வந்து நிற்கிற நேரமாகப் பார்த்து எடை மெஷின் செத்துப் போனது. மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அவள் மெல்லிய கையுறை போட்ட வலது கையைச் சீஸ் தொட்டிக்குள் விட்டாள். ஒரு பெரிய பிடி, மேலே மூன்று விரலால் ஒரு கிள்ளு. பிடி, கிள்ளு. பிடி, கிள்ளு. பேருந்து போன பிறகு மெஷினுக்கு வேறு பேட்டரி போட்டு, அவளை மறுபடியும் அள்ளச் சொல்லி நிறுத்துப் பார்த்தார்கள். நூற்றிருபது. நூற்றிருபத்தொன்று. நூற்றுப்பத்தொன்பது. பத்துப் பிடியும் அப்படியே.

"இது கையா, தராசா?" என்றார் ஓவனில் நிற்கிற அண்ணன். பெயர் ஒட்டிக்கொண்டது. எடை மெஷின் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு நீண்ட விடுப்பு என்று ஒன்று கிடைக்கவே இல்லை. கேட்டால், "நீங்க இல்லாம எப்படிக்கா?" என்பார் மேனேஜர். கேட்கிறபோது அது புகழ்ச்சி மாதிரித்தான் இருந்தது.

கடைக்குப் பின்னால் இருநூறு அடி நடந்தால் ஊழியர் குடியிருப்பு. ஒரு வரிசையில் எட்டு அறைகள். அவள் அறையில் இரண்டு கட்டில், ஒரு அலமாரி, தண்ணீர் சுட வைக்க ஒரு மின்சாரக் கெட்டில். இரண்டாவது கட்டில் அவளுடைய நாத்தனாருக்கு. புருஷன் இறந்து ஒன்பது வருடமாகிறது. அவன் விட்டுவிட்டுப் போன சொந்தம் என்று தங்கையான அவள் ஒருத்திதான். நாத்தனார் பில் கவுண்டரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். இவள் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அறையில் அடுப்பு வைக்கக் கூடாது. பக்கத்தில் பெட்ரோல் தொட்டி இருப்பதால் தீக்குச்சி வைத்திருந்தாலே வேலை போய்விடும். வெளிச் சாப்பாடு கடை வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று கதவிலேயே சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. அடுத்த ஊர் ஏழு கிலோமீட்டர். கம்பெனி வேன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகும். வாங்கி வருகிற வெள்ளரிக்காயும் பழமும் செவ்வாய்க்கிழமைக்குள் வெயிலில் வதங்கிவிடும். ஆனால் பசியோடு யாரும் இருக்க வேண்டியதில்லை. மத்தியானம் ஒரு பீட்சா, சாயங்காலம் ஒரு பீட்சா, ஊழியர்களுக்கு இலவசம். குழாயைத் திறந்தால் கோலாவும் இலவசம்.

அவள் அப்படியே ஆறு வருடம் சாப்பிட்டாள். தனக்கும் அதே பிடி, அதே கிள்ளு. கைக்கு ஆள் வித்தியாசம் தெரியவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கம்பெனி ஒரு நர்ஸை அனுப்பும். சாப்பாட்டு வேலை பார்க்கிறவர்களின் நகம், தோல், இருமல் எல்லாவற்றையும் பார்த்து, 'வேலைக்குத் தகுதி' என்று அட்டையில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அந்தத் தடவை செருப்பையும் கழற்றச் சொன்னாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"எது மேடம்?"

நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடித்துக் காட்டினாள். கட்டை விரலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு புண். விளிம்பு வெளுத்து, நடுவில் சிவந்து.

"வலிக்கலையா?"

"இல்லையே."

"அதான் பயமா இருக்கு" என்றாள் நர்ஸ். விரலில் குத்தி ரத்தம் எடுத்து ஒரு சின்ன மெஷினில் வைத்தாள். மூன்று மாதத்துச் சர்க்கரைச் சராசரி ஒன்பதரை என்று வந்தது. "என்ன சாப்பிடறீங்க?"

"காலைல பன்னு, டீ."

"மத்தியானம்?"

"பீட்சா."

"ராத்திரி?"

தராசக்கா தரையைப் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்ற நாத்தனார்தான் பதில் சொன்னாள். "கேக்கறவங்க நம்மள ஏதோ கோடீஸ்வரின்னு நினைச்சுக்குவாங்க அண்ணி. சொல்லுங்க, ராத்திரியும் பீட்சா, ஆறு வருஷமா பீட்சான்னு."

நர்ஸ் சிரிக்கவில்லை. முதலில் பீட்சாவை நிறுத்தச் சொன்னாள். அடுப்பு இல்லை, வெளிச் சாப்பாடு கூடாது, வேன் ஞாயிறு மட்டும் என்று ஒவ்வொன்றாக நாத்தனார் எடுத்துச் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினாள்.

"சரி. நிறுத்த முடியலைன்னா மாத்துங்க. செய்யறது யாரு?"

"நான்தான்."

"அப்புறமென்ன? உங்களுக்கு எவ்வளவு போடணும்னு உங்க கைதானே முடிவு பண்ணுது?"

பஞ்சு வைத்திருந்த அட்டைப் பெட்டியின் பின்பக்கம் அவள் எழுதிக் கொடுத்தாள். மாவு மெல்லிசாக இருக்கட்டும், சீஸ் பாதி போதும், சாசேஜ் வேண்டவே வேண்டாம், காய் இரண்டு பங்கு. முதலில் பச்சைக் காய் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு பீட்சா, அதிலும் இரண்டே துண்டு. கோலா பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"மூணு மாசம் கழிச்சு வருவேன். புண்ணு ஆறியிருக்கணும், நம்பர் இறங்கியிருக்கணும். இல்லைன்னா நின்னு பார்க்கிற வேலைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. கால் போயிடும்."

கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். அந்த ஸ்டூலில் நாத்தனார் இருந்தாள். வேலை போனால் அறை போகும். அறை தராசக்காவின் பெயரில்தான் இருந்தது. அறை போனால் நாத்தனாரும் தெருவுக்கு வரவேண்டும். அன்று இருநூறு அடியும் இரண்டு பேரும் பேசாமலே நடந்தார்கள். நாத்தனார் பேசாமல் நடந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து தராசக்கா தன் பீட்சாவைத் தனியாகச் செய்தாள். சின்ன பீட்சாவுக்கான மாவு உருண்டையை எடுத்து, நடுத்தரத் தட்டு அளவுக்கு இழுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. அதன்மேல் சாஸ், வெங்காயம், குடைமிளகாய், காளான், தக்காளி என்று குவித்தாள். சீஸ் தொட்டியில் கை இறங்கி, அரைப் பிடியோடு ஏறியது. கிள்ளு கிடையாது.

ஓவன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, தோட்டத்தையே பெயர்த்து வெச்சிருக்கீங்க? உள்ள தள்ளவா, தண்ணி ஊத்தவா?" என்றார்.

"தள்ளுங்கண்ணே."

"சீஸ் எங்க? பூதக்கண்ணாடி இருந்தா குடுங்க, தேடிப் பார்க்கறேன்."

எட்டுத் துண்டில் இரண்டை எடுத்துக்கொண்டு மீதியை அவரிடமே நீட்டுவாள். கேலி பண்ணிக்கொண்டே அவர் அத்தனையையும் தின்று தீர்ப்பார்.

முதல் இரண்டு வாரம் பசி வயிற்றில் இல்லை, மூக்கில் இருந்தது. ஓவனிலிருந்து வருகிற ஒவ்வொரு தட்டும் அவள் முகத்துக்கு நேரே கடந்து போனது. உருகின சீஸ் கொப்புளித்து, ஓரம் பொன்னிறமாகச் சிவந்து. நாளுக்கு நூற்றெண்பது தட்டு. கையால் அள்ளிப் போடுவது முழுவதும் தனக்கு ஆகாதது. ஆகாததை அள்ளினால்தான் சம்பளம். இதில் யாரிடம் போய் என்ன சொல்வது? ஒரு நாள் வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பிவிட்ட பீட்சா ஒன்று, நான்கு வகைச் சீஸ் போட்டது, மேசையில் சும்மா கிடந்தது. பெரிய ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் மறைவில் நின்று ஐந்து துண்டு தின்றாள். ருசித்துத் தின்றாளா என்றால் அதுவும் இல்லை. கடைசித் துண்டில் அழுகை வந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் பிடி, கிள்ளு.

இரண்டரை மாதத்துக்கு மேல் போனது. புண்ணின் விளிம்பு உள்ளே வாங்கத் தொடங்கியிருந்தது. நாத்தனார் தினமும் காலையில் கண்ணாடியைக் கீழே பிடித்து, "நேத்தைக்கு இன்னைக்கு ஒரு கடுகளவு குறைஞ்சிருக்கு அண்ணி" என்பாள். அவளுக்குக் கடுகளவு என்றால் எவ்வளவோ, தினமும் அதேதான் குறைந்தது.

அப்போதுதான் புகார் வந்தது. மத்தியானப் பேருந்து ஓட்டுநர் பல வருட வாடிக்கை. அவர் பீட்சாப் பெட்டியைத் திறந்தபடியே கவுண்டருக்கு வந்தார்.

"என்னம்மா, சீஸ் விலை ஏறிடுச்சா? ரெண்டு வாரமா பார்க்கறேன், தக்காளி எட்டிப் பார்த்துச் சிரிக்குது."

மறுநாள் இன்னொருவர். அதற்கு மறுநாள் ஒரே பேருந்தில் மூன்று பேர். மேனேஜர் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து எடை மெஷினை இறக்கினார். உறையைக் கழற்றுகிற சத்தம் தராசக்காவுக்கு முதுகில் கேட்டது.

"ஒரு பிடி அள்ளுங்கக்கா. சும்மா பார்க்கலாம்."

அள்ளினாள். தொண்ணூற்றிரண்டு.

"இன்னொண்ணு."

எண்பத்தெட்டு.

ஓவன் அண்ணன் காலி ஓவனுக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். தராசக்கா தன் கையைப் பார்த்தாள். யாரோ மாற்றி வைத்துவிட்ட கை மாதிரி இருந்தது.

"மேலிடத்துக்கும் புகார் போயிருக்கு" என்றார் மேனேஜர். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "வர்ற வியாழக்கிழமை பரிசோதகர் வர்றாரு. அவர் முன்னாடி இப்படி வந்துச்சுன்னா, வேணும்னே குறைக்கிறோம்னுதான் எழுதுவாரு. என் கையில ஒண்ணும் இல்லக்கா."

"மெஷின் வெச்சுப் போடலாமே சார்" என்றாள், வாய்க்குள்ளேயே.

"பஸ் நிக்குமா? மெஷின் வெச்சுப் போடறதுன்னா யாரு வேணா போடலாமே." சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. "உங்க பீட்சாவுக்குக் குறைச்சுக் குறைச்சு போட்டுத்தான் கை இறங்கிடுச்சு. ஒரு வாரம் பழையபடி போட்டுச் சாப்பிடுங்க. கை தானா திரும்பிடும்."

மூன்று மாதம் முடிந்து நர்ஸ் வருவது அதே வாரம் சனிக்கிழமை. பரிசோதகர் வருவது வியாழக்கிழமை. கையைக் காப்பாற்றினால் கால் போகும், காலைக் காப்பாற்றினால் கை போகும். எது போனாலும் இந்த மேசை போகும். அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான் வேணா பேசிப் பார்க்கறேன் அண்ணி. ஸ்டூலை உங்களுக்குக் குடுக்கச் சொல்றேன்."

"பில் போட எனக்கு எங்க தெரியும்? நீ என்ன பண்ணுவ?"

"நான் சீஸ் போடறேன்."

"உன் பிடிக்கு ரெண்டு பஸ்தான் தாங்கும். மூணாவதுக்குத் தொட்டி காலி."

நாத்தனார் சிரித்தாள்.

தராசக்காவுக்குப் படிப்பு குறைவு, பார்ப்பது அதிகம். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய், மெஷினைப் போட்டுத் தன் கையைப் பார்த்தாள். நூற்றிருபது. மறுபடியும் நூற்றிருபது. பத்து மணிப் பேருந்துக்கு அள்ளும்போது நடுநடுவே ஒன்றை நிறுத்துப் பார்த்தாள். நூற்றிருபத்தொன்று. அவளுக்கே ஒன்றும் புரியவில்லை. பன்னிரண்டரைக்குத் தன் பீட்சாவைச் செய்து, இரண்டு துண்டு சாப்பிட்டு, கையுறை மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு மணிப் பேருந்து. தொண்ணூற்றைந்து. மூன்றரை மணிப் பேருந்துக்கு நூற்றைந்து. ஆறு மணிக்கு மறுபடியும் நூற்றுப்பதினெட்டு.

புகார் சொன்ன முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாமே மத்தியான முகங்கள். காலைப் பேருந்துக்காரர் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

கை கெட்டுப்போகவில்லை. தனக்கென்று ஒரு தடவை அரைப் பிடி அள்ளியதும், அதையே கட்டளை என்று எடுத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க எல்லோருக்கும் அப்படியே அள்ளியது. அவள் ஆறு வருடம் பழக்கிய கைதானே. சொன்ன பேச்சைக் கேட்கிற கை.

அன்று சாயங்காலம் தன் பீட்சாவைச் செய்யும்போது வலது கையை இடுப்புக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள். இடது கையைத் தொட்டிக்குள் விட்டாள். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதி விரலிடுக்கில் நழுவி, மீதி ஒரு பக்கமாகவே விழுந்தது.

"என்னக்கா, பச்சைக் குழந்தை கோலி ஆடற மாதிரி இருக்கு?" என்றார் ஓவன் அண்ணன்.

"இது என் கை அண்ணே. அது கடைக் கை."

அவர் கேலி செய்ய வாயைத் திறந்தவர், தட்டை மட்டும் உள்ளே தள்ளினார்.

மறுநாள் மத்தியானப் பேருந்துக்கு நூற்றுப்பத்து. அதற்கு மறுநாள் நூற்றுப்பதினேழு. வியாழக்கிழமை வந்துவிட்டது.

பரிசோதகர் சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் நான்கு பேனா. வந்ததும் மெஷினை மேசையில் வைக்கவில்லை. ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த நேரத்தில் தன் பீட்சாவைச் செய்வதா, பட்டினி கிடப்பதா? மாத்திரை போட்டாயிற்று. சாப்பிடாமல் இருந்தால் தலை சுற்றும், கை நடுங்கும். வலது கையைப் பின்னால் மடக்கி, இடது கையால் சீஸ் போட்டாள்.

"இதென்ன வித்தை?" என்றார் பரிசோதகர்.

அவள் குனிந்து சீஸைப் பரப்பிக்கொண்டிருந்தாள். பில் கவுண்டரிலிருந்து நாத்தனார் கழுத்தை நீட்டினாள். "அவங்களுக்குச் சர்க்கரை சார். அவங்க சாப்பாட்டை அந்தக் கைல போடுவாங்க. உங்க சாப்பாட்டை இந்தக் கைல."

"நான் உங்களைக் கேக்கல."

"அவங்க பேச மாட்டாங்க சார். அதான் எனக்குச் சம்பளம்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் ஒரு மணிப் பேருந்து உள்ளே திரும்பியது.

நாற்பத்தாறு பீட்சா. பரிசோதகர் ஓவனுக்கு முன்னால் நின்று, நினைத்தபோது ஒரு தட்டை நிறுத்தி, மேலே கிடந்த சீஸை வழித்து எடை பார்த்தார். பத்துத் தட்டு. தராசக்கா மெஷின் பக்கம் திரும்பவே இல்லை. பிடி, கிள்ளு. பிடி, கிள்ளு. பேருந்து கிளம்பிப் போன பிறகுதான் எண்களை வாசித்தார். நூற்றுப்பத்தொன்பது, நூற்றிருபது, நூற்றிருபத்திரண்டு. ஒன்று மட்டும் நூற்றுப்பதினாறு. மற்றதெல்லாம் அதற்கு மேலே.

"மெஷின்ல போட்டாக்கூட இவ்வளவு சரியா வராது" என்றார் பரிசோதகர். எழுதிக்கொண்டே மேனேஜரிடம் திரும்பினார். "இந்த மெஷின் உங்களுக்கு எதுக்கு? பக்கத்துக் கிளைல இல்லாம தவிக்கறாங்க. நான் எடுத்துட்டுப் போறேன்."

அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காருக்குப் போவதைத் தராசக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஓவன் அண்ணன் கைதட்டினார். மேனேஜர் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. "இனிமே நீங்கதான்கா எல்லாம்" என்றார். அடுத்த மாதம் நான்கு நாள் விடுப்பு கேட்கலாம் என்று அவள் மனதுக்குள் வைத்திருந்தாள். அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை நர்ஸ் கண்ணாடியைப் பிடித்தாள். புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம், மூடிய தோல். மெஷின் ஏழே முக்கால் காட்டியது.

"இறங்கியிருக்கு. இன்னும் இறங்கணும்" என்றாள் நர்ஸ். அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "மூணு மாசத்துக்குத்தான்."

"மூணு மாசம்" என்று தராசக்கா திரும்பச் சொன்னாள். அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், ஆறு மணிப் பேருந்து போன பிறகு, அவள் மாவை இழுத்துக்கொண்டிருந்தபோது ஓவன் அண்ணன் சீஸ் தொட்டியைத் தூக்கி வந்து அவள் வலது பக்கம் வைத்தார்.

"ரெண்டு பரீட்சை பாஸாயிட்டீங்க. இன்னைக்கு ஒரு நாள் மட்டும், அந்தக் கையால ஒரே ஒரு பிடி. யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நாத்தனார் பில் கவுண்டரிலிருந்து பார்த்தாள்.

தொட்டியில் சீஸ் வெள்ளையாக, குளிர்ந்து கிடந்தது. வலது கை தானாகவே எழுந்தது. பாதி வழி போனதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதைத் திருப்பி, ஏப்ரன் பையில் போட்டு, பையின் வாயை இடுப்போடு அழுத்திக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் வைங்க அண்ணே" என்றாள்.

அவர் தொட்டியை இடது பக்கம் நகர்த்தினார். அவள் அள்ளினாள். வழக்கம் போலப் பாதி நழுவியது. மீதியைக் காய்மேல் ஒரே இடத்தில் விழாமல் பார்த்துப் பார்த்துப் பரப்பினாள். பச்சைக் காய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, தட்டு ஓவனுக்குள் போவதையே பார்த்தாள். உள்ளே சூட்டில் அந்தக் கொஞ்சம் சீஸும் உருகி, கொப்புளிக்கத் தொடங்கியது.